வட்டத்துக்குள் வராத இளைய ஐயா

என் தங்கை தங்கலட்சுமி வென்றவற்றை முதலில் எழுதிவிடுகிறேன்.

பதினொன்றாம் வகுப்பில் கம்ப்யூட்டர் பிரிவு வேண்டும் என்று தலைமையாசிரியர் அறை வாசலில் நின்று வாங்கினாள். எங்கள் ஊரிலிருந்து அந்தப் பிரிவில் சேர்ந்த முதல் பெண் அவள்தான். அப்போது எங்கள் அப்பா நல்லமுத்து உயிரோடு இல்லை. மானாவாரி நிலத்தில் போட்ட கொத்தமல்லி முளைப்போடு கருகியிருந்தது. இருந்தும் அருப்புக்கோட்டைக்குத் தினமும் பஸ்ஸில் போய் வந்து பட்டம் வாங்கினாள். மதுரையில் போன் ஆப் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. அம்மாவுக்குக் கால் முறிந்தபோது அதை விட்டுவிட்டு வந்தாள். இனி கல்யாணம்தான் என்று ஊரே முடிவு கட்டியிருக்க, பாளையம்பட்டியில் இருக்கும் என் மோட்டார் வைண்டிங் கடையின் பின்னறையில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்தாள். பந்தல்குடியில் ஒரு மிளகாய் வத்தல் கமிஷன் கடைக்கு அன்றன்றைய விலையைச் சொல்லும் ஆப்பை அங்கிருந்தே செய்தாள். ஐபோனுக்கு ஆப் செய்ய அதற்கான கம்ப்யூட்டரே வேண்டும். எங்களிடம் ஏது? எங்கோ இருக்கும் ஒரு கம்ப்யூட்டரை நெட் வழியாக வாடகைக்கு எடுத்து, இங்கே இருந்தபடியே அதை இயக்கினாள். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் எங்கள் பின்னறையில் செய்த ஆப் வந்தது.

நான் ஒன்பதாவதோடு நின்றவன். இதில் பாதி எனக்கு அவள் சொல்லித்தான் தெரியும். கடைக்கு மோட்டார் தூக்கி வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம்.

இத்தனையும் வென்றவள், போன மாசி சிவராத்திரியன்று குலதெய்வக் கோயிலில் பொங்கல் பானைக்கு முன்னால் தலை நிமிர முடியாமல் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பற்றி எழுதுவதென்றால் அதையும் எழுத வேண்டும்.

எங்கள் கோயில் திருச்சுழிக்குப் போகும் வழியில், கண்மாய்க்கு அப்பால், கருவேலங்காட்டுக்குள் இருக்கிறது. கூரை கிடையாது. இடுப்பளவுச் சுற்றுச்சுவர். நடுவில் மூத்த ஐயா. வடகிழக்கு மூலையில், ஈசானிய மூலையில், இளைய ஐயா. அண்ணனும் தம்பியுமாக ஆடு மேய்த்து வந்தவர்கள், நடுவிடத்தை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்துத் தம்பி மூலையில் காவலுக்கு நின்றார் என்று சொல்வார்கள். மூத்தவர் வழியில் வந்தவர்கள் பெரிய வகையறா, இளையவர் வழியில் வந்தவர்கள் சின்ன வகையறா. நாங்கள் பெரிய வகையறா.

அங்கே எதைச் செய்தாலும் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும். மணி இரண்டு, அடிப்பவர்கள் இரண்டு பேர், கை ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். நோட்டீஸில் இரண்டு ஐயாக்களின் பெயரும் ஒரே வரியில், ஒரே அளவு எழுத்தில் இருக்கும். இளையவரை மூலையிலிருந்து நகர்த்தக் கூடாது என்பது எல்லாவற்றிலும் பெரிய சட்டம். ஒரு முறை சிமெண்டுத் தளம் போட வந்த கொத்தனார், வேலைக்கு வசதியாக இருக்கும் என்று அவரை நாலு விரல்கடை தள்ளி வைத்துவிட்டார். அந்த வருடம் மழை இல்லாமல் போனதற்கு இன்றுவரை அந்தக் கொத்தனாரைத்தான் சொல்கிறார்கள்.

கோயில் கமிட்டித் தலைவர் வீரபாண்டிப் பெரியப்பா ஒரு நாள் எங்கள் கடைக்கு வந்தார். சென்னையிலும் திருப்பூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற பங்காளிகள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு ஆப் வேண்டும் என்றார். பூஜை நாள், அன்னதான முறை, யார் வீட்டு முடியிறக்கு எப்போது என்பதெல்லாம் அதில் வர வேண்டும். தங்கலட்சுமிக்கு அப்படி ஒரு சந்தோஷம். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார். செய்தது யார் என்று வெளியில் தெரிய வேண்டாம். கோயில் நோட்டீஸில் பெண்கள் பெயர் போடுவதில்லை. அதிலும் கட்டிக்கொடுத்தால் புருஷன் வீட்டுச் சாமியைக் கும்பிடப் போகிற பெண் அவள். ஆப்பின் கீழே கோயில் கமிட்டி என்று மட்டும் இருக்கட்டும், யாராவது கேட்டால் ஒரு கம்பெனியில் செய்தது என்போம் என்றார். எனக்குச் சுருக்கென்றது. தங்கலட்சுமி சரி என்று தலையாட்டிவிட்டாள்.

ஆப்பைவிட அவள் அதிகம் மெனக்கெட்டது ஐகானுக்குத்தான். போனில் விரல் வைத்துத் திறக்கிறோமே, அந்தச் சின்னப் படம். நோட்டீஸ் படிக்காதவர்கள்கூட அதைப் பார்ப்பார்கள், அதுவே சாமி முகம் மாதிரி என்றாள். கோயிலை அப்படியே வரைந்தாள். கட்டத்துக்கு நடுவில் மூத்த ஐயா. வலப்பக்க மேல்மூலையில் இளைய ஐயா, ஓங்கிய அரிவாளோடு. படத்தில் மேல்பக்கம் வடக்கு என்றால் அதுதான் ஈசானிய மூலை.

ஐபோனுக்கு மிகவும் பயந்து செய்தாள். வத்தல் கடை ஆப்பில் ஐகானின் பின்புறம் நிறமில்லாமல் வெறுமையாக இருந்தது என்று ஐபோன்காரர்கள் ஒரு முறை திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதனால் இந்தத் தடவை பின்புறம் முழுக்க செங்காவி பூசினாள். ஐபோன் தானே நான்கு ஓரங்களையும் வளைத்துக்கொள்ளும் என்பதால், அரிவாள் நுனி அந்த வளைவில் படாதபடி வரைந்தாள். கூடப் படித்த ஷஹீனாவின் ஐபோனில் ஏற்றிப் பார்த்தோம். கச்சிதமாக இருந்தது. ஆண்ட்ராய்டுக்குத் தன்னுடைய போனில் பார்த்தாள். அவள் போன் ஐகானைச் சதுரமாகத்தான் காட்டும். அதிலும் கச்சிதம்.

சிவராத்திரி அன்று உச்சி நேரத்தில் பொங்கல் வைக்கிற கூட்டம் நிறைந்திருந்தது. பெரியப்பா மைக்கில் ஆப்பைப் பற்றி அறிவித்தார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. யார் செய்தது என்று சொல்லத்தான் கூடாது, ஏற்றிக் கொடுக்கலாம் அல்லவா? இரண்டு வகையறாவிலும் கண்ணில் பட்டவர் போனையெல்லாம் வாங்கி ஏற்றிவிட்டேன். வெயிலில் திரை சரியாகத் தெரியவில்லை. நானும் உற்றுப் பார்க்கவில்லை.

முதலில் பார்த்தவன் சின்ன வகையறா அழகுராஜா. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். வேட்டியை விரித்து நிழல் உண்டாக்கிக்கொண்டு போனைப் பார்த்தவன், பக்கத்தில் நின்றவனைக் கூப்பிட்டான்.

“ஏலே, இங்க வா. நம்ம ஐயாவக் காணோம்லே. காலு மட்டும் நிக்குது.”

அவன் போன் ஐகானை வட்டமாகக் காட்டுகிற போன். வட்டம் என்றால் நான்கு மூலையும் போய்விடும். மூத்த ஐயா நடுவில் முழுசாக இருந்தார். இளைய ஐயாவுக்குத் தலையும் இல்லை, தோளும் இல்லை, அரிவாளும் இல்லை. இரண்டு பாதம், வேட்டியின் கீழ்க்கரை, அவ்வளவுதான் மிச்சம். அடுத்தடுத்துப் போன்கள் வெளியே வந்தன. பெரும்பாலானவற்றில் வட்டம். யாரோ பெரியப்பா மகனின் போனை வாங்கிப் பார்த்தார்கள். அவன் சென்னையில் இருக்கிறான், ஐபோன் வைத்திருக்கிறான். அதில் இளைய ஐயா தலையோடு அரிவாளோடு நின்றார்.

அழகுராஜா சிரித்தான். “சரிதான். பெரிய வகையறா போன்ல முழு ஐயா. நமக்குக் கால் கழுவி விடுற வேல மட்டும்.”

சிரிப்பு வேட்டிக்கு வேட்டி தாவியது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. சின்ன வகையறாவில் வயதானவர்கள் திருநீற்றுத் தட்டை இறக்கி வைத்தார்கள். நான் ஏற்றிக் கொடுத்த போன்களில் எல்லாம் என் கண் முன்னால் ஒவ்வொன்றாக அந்த ஐகானை அழித்தார்கள்.

பெரியப்பா மைக்கைப் பிடித்தார். கம்பெனிக்காரன் செய்த தவறு, கூப்பிட்டுக் கண்டித்தாயிற்று, சீக்கிரம் சரியாகிவிடும் என்றார். இல்லாத கம்பெனியை அவர் எவ்வளவு காட்டமாகத் திட்டினாரோ அவ்வளவுக்குக் கூட்டம் அமைதியானது.

தங்கலட்சுமி பானைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கட்டியிருந்த புது மஞ்சள் சேலையில் புகைக்கரி விழுந்துகொண்டிருந்தது, தட்டிவிடவில்லை. பக்கத்து அடுப்பில் சின்ன வகையறா குருவம்மாள் பெரியம்மா ஓலை தள்ளிக்கொண்டிருந்தார். அவருக்கு விஷயம் தெரியாது. படித்த பிள்ளை என்பதால்தான் இவளிடம் கேட்டார்.

“தாயி, அந்தக் கம்பெனிக்காரனுக்கு எங்க ஐயா மேல என்ன கோவம்?”

கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள் என்று நினைக்கிறேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இவள் பானை மூடியை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். பானை பொங்கியபோது எல்லோரும் குலவை போட்டார்கள். இவளுக்குக் குரல் வரவில்லை. அம்மா இவள் முகத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு பேருக்கும் சேர்த்துத் தானே குலவை போட்டாள்.

அன்றைக்குப் பொங்கலை அவள் தொடவில்லை. மறுநாள் கடைக்கு வந்தவள் முன்கடை வழியாக வராமல் பின்வாசல் வழியாக வந்தாள். மோட்டார் எடுக்க வந்த ஒருத்தர், “உங்க தங்கச்சி ஏதோ ஆப்பு செய்வாகளே” என்று ஆரம்பித்தபோது நான் பேச்சை மாற்றினேன். ஊர் முழுக்கப் பெருமை பேசிய வாய்தான். உள்ளேயிருந்து அவளுக்குக் கேட்டிருக்கும்.

மத்தியானம் இரண்டு பேரும் அருப்புக்கோட்டைக்குப் போனோம். ஹனீபா பாயின் செல்போன் கடையில் எல்லா மாதிரிப் போனும் இருக்கும். ஒவ்வொன்றாக வாங்கி ஐகானை ஏற்றிப் பார்த்தாள். ஒன்றில் வட்டம், ஒன்றில் ஓரம் உருண்ட சதுரம், இன்னொன்றில் ஒரு மூலை மட்டும் கூராக இருக்கிற நீர்த்துளி. அப்போதுதான் எனக்கு விளக்கினாள். ஐபோன் எல்லோருக்கும் ஒரே மாதிரி வெட்டும். ஆண்ட்ராய்டில் பின்னால் இருக்கிற நிறத்தைத் தனியாகவும் முன்னால் இருக்கிற உருவத்தைத் தனியாகவும் கொடுக்க வேண்டும், வெட்டுவது போன் கம்பெனியின் இஷ்டம். ஆகவே உருவத்தை நடுவிலேயே அடக்கிக்கொள், ஓரத்தில் முக்கியமான எதையும் வைக்காதே என்று ஆண்ட்ராய்டுக்காரர்கள் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள்.

“படிச்சுத்தான் வச்சிருந்தேண்ணே. ஐயாவ நகத்தக் கூடாதேன்னு, என் போன்ல வந்தா எல்லாத்துலயும் வரும்னு வச்சுட்டேன்.”

ஹனீபா பாய் தேநீர் வரவழைத்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் கம்பெனிக்காரன் கதையைத்தான் நானும் சொல்லியிருப்பேன்.

சுலபமான வழி ஒன்று இருந்தது. ஐபோனில் இருப்பது இருக்கட்டும், ஆண்ட்ராய்டில் மட்டும் இளைய ஐயாவை உள்ளே இழுத்து அண்ணன் பக்கத்தில் நிறுத்திவிடலாம். கொஞ்ச நேரத்தில் வரைந்தும் விட்டாள். நன்றாகவே இருந்தது. அனுப்பிவிடு என்றேன். இரண்டு படத்தையும் திரையில் அக்கம்பக்கமாக வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு வகையறா கையில் மூலையில் நிற்கிற ஐயா, இன்னொரு வகையறா கையில் நகர்த்தி வைத்த ஐயா. கொத்தனார் செய்ததைத்தான் இவளும் செய்ததாக ஆகும். அதை அழித்தாள்.

பிறகு கோயிலுக்கே போய்ச் சுற்றி வந்தாள். நான் பைக்கோடு வெளியில் நின்றேன். சுவருக்கு வெளியே கரிசல் மண் வெடித்துக் கிடந்தது, அதற்கப்பால் கருவேலம். அவள் சுவருக்கு உள்ளே போகவில்லை. வெளியில் நின்றபடியே போனில் படம் எடுத்தாள்.

புதிய ஐகானில் கோயிலைச் சிறியதாக்கிச் சுற்றிலும் கரிசல் மண்ணை வரைந்தாள். இளைய ஐயா கோயில் சுவரின் மூலையில்தான் நின்றார். கட்டத்தின் மூலையில் இருந்தது வெறும் மண். எந்தப் போன் எப்படி வெட்டினாலும் போவது மண்தான். ஆண்ட்ராய்டுக்கு மண்ணைப் பின்னாலும் கோயிலை முன்னாலும் வைத்தாள், ஐபோனுக்கு இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ஒட்டினாள். பார்வைக்கு ஒரே படம். ஆனால் கோயில் சிறுத்ததில் ஐயாக்கள் எறும்பு மாதிரி ஆகிவிட்டார்கள். மீசை, கண், வேட்டிக்கரை என்று அவள் ஆசை ஆசையாக வரைந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்தாள். கடைசியில் நிற்கிற உருவமும் அரிவாளும் மட்டும் மிஞ்சின. இரண்டு பேருக்கும் ஒரே தடிமனில் கோடு.

படம் முடிந்துவிட்டது. அனுப்பவில்லை. சின்ன வகையறாவிடம் காட்டாமல் அனுப்ப மாட்டேன் என்றாள். குருவம்மாள் பெரியம்மா வீட்டுக்குப் போனோம். அவர் முற்றத்தில் மல்லி காயப் போட்டிருந்தார். அழகுராஜாவும் திருப்பூருக்குத் திரும்பாமல் அங்கே இருந்தான். தங்கலட்சுமி உட்காரவில்லை.

“பெரியம்மா, கம்பெனிக்காரன்னு ஒருத்தரும் இல்ல. நான்தான் வரஞ்சேன். அன்னைக்கே சொல்லிருக்கணும். வாய் வரல.”

பெரியம்மா மல்லியைக் கிளறுவதை நிறுத்தினார். அழகுராஜா என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். சிரித்ததற்கு வருத்தப்பட்டானா, சிரித்தது போதவில்லை என்று நினைத்தானா, தெரியாது. அவள் தன் போனையும் ஷஹீனாவிடம் இரவல் வாங்கி வந்த ஐபோனையும் நீட்டினாள். இரண்டு போனிலும் புதுப் படம் இருந்தது. பெரியம்மா தூரமாக வைத்துப் பார்த்தார், பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மூலை சரிதான் என்றார். முகம் எங்கே என்றார். முகம் போட்டால் இரண்டு பேருக்குமே தெளிவாக வராது என்று இவள் சொன்னாள். அவர் போன்களைத் திருப்பிக் கொடுத்தார்.

வாசல் வரை வந்த பிறகுதான் கூப்பிட்டார்.

“எங்கிட்ட வந்து சொல்லிட்ட. எத்தன பேரு கையில காலா நின்னாரு எங்க ஐயா? அவுகளுக்கெல்லாம் யாரு சொல்றது?”

பைக்கில் ஏறியதும் நேராக வீரபாண்டிப் பெரியப்பா வீட்டுக்கு விடச் சொன்னாள். புதுப் படத்தை அனுப்பும்போது இந்தத் தடவை என்ன மாற்றம் என்று கீழே எழுதுவதற்கு இடம் உண்டு. வாங்குகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்க்கலாம். அங்கே தவறு தன்னுடையது என்று பெயரோடு எழுதப் போவதாகச் சொன்னாள்.

பெரியப்பா அன்பாகத்தான் பேசினார். விஷயம் ஆறிப்போய்விட்டது, எதற்குக் கிளற வேண்டும் என்றார். பெண் பிள்ளை பெயர், நாளைக்கு வேறு வீட்டுக்குப் போகிறவள், இதைப் படித்துவிட்டு மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்றார். கமிட்டிக்கும் பொய் சொன்ன பெயர் வரும் என்பதைக் கடைசியில் சொன்னார்.

“நல்லா வந்தப்ப எம் பேரு வேணாம்னீக, நானும் கேக்கல பெரியப்பா. இப்ப கெட்டுப் போச்சு. இதுக்கு வேணும்.”

அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். செய்யாதே என்று சொல்லவில்லை. செய் என்றும் சொல்லவில்லை. அண்ணன்காரன் நீயாவது சொல்லேன் என்பது போல என் பக்கம் திரும்பினார். அவள் எழுதட்டும் பெரியப்பா என்றேன். அவளுக்காக நான் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான்.

ஆண்ட்ராய்டில் அனுமதி முதலில் வந்துவிட்டது. அவள் உடனே வெளியிடவில்லை. ஐபோனிலும் அனுமதி வரட்டும் என்று நிறுத்தி வைத்தாள். மணியை ஒன்றாகத்தானே அடிக்கிறோம் என்றாள். ஐபோன்காரர்கள் சொல்கிற வரை பின்னறையில் உட்கார்ந்து, அந்தக் குறிப்பை எழுதி எழுதி அழித்தாள். முதலில் எழுதியதில் வட்டம், சதுரம், போன் கம்பெனிகளின் வெட்டு என்று நிறைய காரணம் இருந்தது. எனக்குப் படித்துக் காட்டினாள். நீயே நாலு பேரைக் கை காட்டுவது மாதிரி இருக்கிறது என்றேன். எல்லாக் காரணத்தையும் எடுத்துவிட்டாள்.

ஐபோனிலும் அனுமதி வந்ததும் இரண்டையும் ஒன்றாக வெளியிட்டாள். அழித்தவர்கள் எல்லோரும் திரும்ப ஏற்றிக்கொள்ளவில்லை. அழகுராஜா ஏற்றிக்கொண்டானா என்று இதுவரை எனக்குத் தெரியாது. குருவம்மாள் பெரியம்மாவின் போனில் இருக்கிறது, நான் பார்த்தேன். கீழே அவள் எழுதியிருந்தது இதுதான்:

“சிவராத்திரி அன்று வந்த படத்தில் இளைய ஐயா வெட்டுப்பட்டுத் தெரிந்தார். கம்பெனி எதுவும் இல்லை, வரைந்தது நான். இப்போது சரி செய்திருக்கிறேன். ந. தங்கலட்சுமி.”

இத்தனை வருட வேலையில் தான் செய்த ஒன்றின் கீழ் அவள் முதன்முதலாகத் தன் பெயரைப் போட்ட நாள், 2025 மார்ச் 3, திங்கட்கிழமை.